காகிதத்தில் பூப்போட எந்த நூல்?

சௌகார்பேட்டை சந்துகளில் எந்த நூல் கடையில் நின்று “எம்ப்ராய்டரி நூல் வேணும்” என்று கேட்டாலும், திரும்பி வரும் கேள்வி ஒன்றுதான்: “எதுக்குக்கா? ஆரிக்கா, கை எம்ப்ராய்டரிக்கா?” “பேப்பருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு கணம் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு கைக்கு எட்டிய அத்தனை நூலையும் மேசையில் பரப்பிவிட்டு, “பாத்து எடுத்துக்கோங்க” என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். அந்த மேசைக்கு முன்னால் நிற்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

பிறந்தநாள் வாழ்த்து அட்டை, புக்மார்க், டைரி அட்டை, கல்யாண மொய் கவர் என்று காகிதத்தில் தைப்பதற்கு எத்தனையோ இருக்கிறது. ஸ்டிட்ச்சும் புதிதாகக் கற்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கைக்குட்டையில் போட்ட ரன்னிங் ஸ்டிட்ச், பேக் ஸ்டிட்ச், லேசி டெய்சி எல்லாம் இங்கேயும் செல்லும். மாறுவது நூலைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு மட்டும்தான்.

துணி வேறு, அட்டை வேறு

துணியில் ஊசி இறங்கும்போது இழைகள் விலகி வழிவிடும். ஊசி வெளியே போனதும் அவையே திரும்ப வந்து நூலை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். காகிதத்தில் இந்தக் கதையே கிடையாது. ஊசி போன இடத்தில் நார் அறுந்துவிடுகிறது. ஓட்டை விழுந்தால் ஓட்டைதான். தண்ணீர் தெளித்தாலும் மூடாது, நகத்தால் தேய்த்தாலும் மூடாது.

நூல் பற்றிய எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது. நூல் ஓட்டையைவிட மெலிந்திருந்தால் ஒவ்வொரு தையலின் இரு முனையிலும் ஒரு கரும்புள்ளி தெரியும். தடித்திருந்தால் ஓட்டையின் விளிம்பு நூலைச் சுரண்டும், நூல் ஓட்டையைக் கிழிக்கும். துணியில் நெசவே நூலைப் பிடித்துக்கொள்வதால் நூல் கொஞ்சம் தளர்ந்தாலும் சமாளித்துவிடலாம். அட்டையில் பிடிக்க ஆளில்லை. தளர்ந்த நூல் தளர்ந்தே நிற்கும், இழுத்துப் பிடித்தால் அட்டை வளையும். அதனால் ‘எந்த நிறம்?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எந்தப் பருமன்? எவ்வளவு முறுக்கு? எவ்வளவு வழவழப்பு?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசையில் என்னென்ன இருக்கும்?

முதலில் ஆறு இழை நூல். ஆங்கர் என்று நாம் பொதுவாகச் சொல்வது இதைத்தான். ஒரு கண்டில் 8 மீட்டர் இருக்கும்; ஆறு இழைகள் லேசாகச் சேர்ந்திருக்கும், தேவைக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளலாம். நம் ஊரில் இது நீண்ட காலமாக மதுரா கோட்ஸ் பெயரோடு வந்த சரக்கு. மதுரைக்காரர்களுக்கு அந்த ஆலை இன்றும் ஹார்வி மில்தான். பிரான்சின் டி.எம்.சி. நூலும் இதே 8 மீட்டர், ஆறு இழைக் கணக்குதான். 1746இல் மூலூஸ் நகரத்தில் துணிக்கு அச்சுப் போடும் தொழிலாக ஆரம்பித்துப் பிறகு நூலுக்கு வந்த நிறுவனம் அது. இரண்டில் எது வாங்கினாலும் காகிதத்துக்குக் குறையில்லை. நிற எண்கள் மட்டும் வேறு வேறு. ஒரு அட்டையின் நடுவில் இதிலிருந்து அதற்குத் தாவாதீர்கள்.

அட்டைக்கு இந்த நூலைப் பரிந்துரைக்க முக்கியக் காரணம் அந்தப் பிரிபடும் குணம். எழுத்துக்கு ஒரு இழை, சாதாரணக் கோட்டுக்கு இரண்டு, தடித்த தண்டுக்கு மூன்று என்று ஓட்டைக்குத் தக்கபடி பருமனை நாமே வைத்துக்கொள்ளலாம். ஆறையும் சேர்த்துக் காகிதத்தில் தைக்காதீர்கள். அதற்கு வேண்டிய ஓட்டை அட்டையைச் சல்லடையாக்கிவிடும்.

அடுத்தது பேர்ள் காட்டன். இது பிரியாது, இறுக்கமான முறுக்கோடு மணிமணியாக இருக்கும். 5, 8, 12 என்று எண் போட்டிருப்பார்கள். எண் கூடக்கூட நூல் மெலியும். 5ஐ காகிதத்தில் தொட வேண்டாம். 8 தடித்த அட்டைக்குச் சரியாக வரும். 12 கிடைத்தால் விடாதீர்கள். நீளமான கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் வேலைக்கு அதைப்போல அடங்கி உட்காரும் நூல் வேறு இல்லை.

மூன்றாவது சில்க் த்ரெட். வளையலுக்குச் சுற்றுவதும் ஆரிக்குப் போடுவதும் இதுதான். விலை மலிவு, பளபளப்புக்குக் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் ரேயான் அல்லது பாலியஸ்டர். ரேயான் வழுக்கும், முடிச்சு நிற்காது, ஓட்டை விளிம்பில் பட்டால் சட்டென்று பிசிறடிக்கும். இதழ்களை நிரப்பும் சாட்டின் ஸ்டிட்ச்சுக்கு அழகாக இருக்கும். குட்டி குட்டியான பேக் ஸ்டிட்ச்சுக்கு வேண்டாம். பாலியஸ்டர் அந்த அளவுக்குப் பிசிறாது. ஆனால் விறைப்பாக நின்று, தைத்த பிறகும் மெல்ல எழும்பப் பார்க்கும்.

நான்காவது வீட்டிலேயே இருக்கும் தையல் மெஷின் நூல். அதை மட்டமாக நினைக்க வேண்டாம். மெல்லிய வளைவு, சின்ன எழுத்து, பூனை மீசை போன்ற இடங்களில் ஆங்கரின் ஒற்றை இழையைவிட இது சுத்தமாகக் கோடு போடும். முறுக்கு இறுக்கமாக இருப்பதுதான் காரணம். ஐந்தாவது ஜரிகை. அதற்குத் தனிக் கதை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

வெறும் பருத்தி நூலையும் ஆங்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவிப் பாருங்கள். முதலாவது சொரசொரக்கும், இரண்டாவது விரலில் நழுவும். இங்கிலாந்தின் ஜான் மெர்சர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் போட்டுப் பதப்படுத்தும் முறைக்கு 1850இல் காப்புரிமை வாங்கினார். தட்டையாக முறுக்கிக்கிடக்கும் பருத்தி நார் அந்தக் கரைசலில் உப்பி உருண்டையாகிறது. சாயமும் நன்றாகப் பிடிக்கிறது. நூல் அதில் சுருங்கிவிடும் என்பதுதான் சிக்கல். 1890 வாக்கில் ஹொரஸ் லோ என்பவர், சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தபடியே பதப்படுத்தினார். அப்போதுதான் நாம் இன்று பார்க்கும் பட்டு மினுமினுப்பு வந்தது.

காகிதத்தில் தைப்பவர்களுக்கு அந்த மினுமினுப்பைவிட வழவழப்புதான் லாபம். அறுந்த நாரின் விளிம்பில் உரசிக்கொண்டு போக வேண்டிய நூல் அல்லவா! வாங்கும்போது பட்டையில் ‘மெர்சரைஸ்டு’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேர் தெரியாத மலிவு நூலில் ஒரு அடி எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஓரமெல்லாம் பூனைமயிர் போல நின்றால் அது அட்டைக்கு உதவாது.

லேபிளே இல்லாத நூல் என்ன ரகம் என்று தெரிய வேண்டுமா? ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். தலைமுடி பொசுங்கும் நாற்றம் வந்தால் உங்கள் கையில் இருப்பது நிஜப் பட்டு. பத்திரப்படுத்துங்கள், அட்டையில் வீணாக்காதீர்கள்.

அட்டைக்கும் ஊசிக்கும் ஒரு பத்தி

நூலை மட்டும் பார்த்து அட்டையை விட்டுவிட முடியாது. பள்ளி சார்ட் பேப்பர் மெலிது, கிழியும். 200 முதல் 300 ஜி.எஸ்.எம். வரையிலான அட்டை வசதி. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் கைக்காகிதம், புதுச்சேரி ஆசிரமக் கைக்காகிதம் போன்றது, கிடைத்தால் இன்னும் நல்லது. நார் நீளமாக இருப்பதால் ஓட்டை சுலபத்தில் பிய்யாது. ஓட்டைகளுக்கு இடையில் 3 முதல் 5 மி.மீ. விடுங்கள். அதைவிட நெருக்கினால் அட்டை தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். எந்த ஊசியால் தைக்கப் போகிறீர்களோ அதே ஊசியால் ஓட்டையும் போடுங்கள். காம்பஸ் முனை, தடித்த குண்டூசி எல்லாம் அளவை மீறும். தெர்மகோல் துண்டின் மேல் அட்டையை வைத்து முன்பக்கத்திலிருந்து குத்தினால் பின்பக்கம் சின்னச் சின்னக் கொம்பு முளைக்கும். அதைக் கரண்டியின் முதுகால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். நூலைச் சுரண்டுவதில் பாதிப் பங்கு அந்தக் கொம்புகளுக்குத்தான்.

ஒரு முழம் நூல்

இனி நூலைத் தயார்செய்யும் வேலை. கண்டைப் பிடித்திருக்கும் காகிதப் பட்டையைக் கழற்றாதீர்கள். நிற எண் அதில்தான் இருக்கிறது. தொங்கும் முனையை மெதுவாக இழுங்கள். லகுவாக வந்தால் சரி; சிக்கினால் உடனே நிறுத்திவிட்டு மறுமுனையைத் தேடுங்கள். முரட்டுத்தனம் பண்ணினால் அரைமணி நேரம் சிக்கெடுக்க வேண்டும். நிறைய நிறம் சேர்ந்துவிட்டவர்கள் பழைய கல்யாணப் பத்திரிகையைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, இரு பக்கமும் சின்ன வெட்டுப் போட்டு நூலைச் சுற்றிவைக்கலாம். எண்ணை மட்டும் மேலே எழுதிவிடுங்கள். பாதி அட்டையில் நூல் தீர்ந்துபோகும்போது ‘அந்த ரோஸ்’ என்று கடையில் கேட்டால் பன்னிரண்டு ரோஸ் எடுத்துப்போடுவார்கள்.

வெட்டும் நீளம் ஒரு முழம். பூக்காரம்மா அளக்கும் அதே முழம்தான், சுமார் 45 செ.மீ. ஏன் அதற்கு மேல் வேண்டாம்? ஒரு கணக்குப் போடுவோம். 4 மி.மீ. பேக் ஸ்டிட்ச் ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் 4, பின்பக்கம் 8, ஆக 12 மி.மீ. நூல் போகிறது. ஊசியில் மடங்கும் வாலையும் முடிக்க வேண்டிய வாலையும் கழித்தால் ஒரு முழத்தில் 34 செ.மீ. தேறும். அதில் 28 தையல் வரும். ஒரு தையலுக்கு இரண்டு ஓட்டை என்றால், ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் நூல் 56 தடவை காகித விளிம்பில் உரசிவிட்டு வருகிறது. இரண்டு முழமாக வெட்டினால் அது 120ஐத் தாண்டும். கடைசித் தையல்கள் முதல் தையல்களைவிட மங்கலாகவும் மெலிந்தும் தெரிவதற்கு இதுதான் காரணம். நூல் கெட்டுப்போவது நீளத்தால் அல்ல, கடந்துவந்த ஓட்டைகளால். தையல் நீளமாக, ஓட்டை குறைவாக இருக்கும் டிசைனுக்குத் தாராளமாக இன்னும் நீளமாக வெட்டலாம்.

அடுத்து, இழை பிரிப்பது. இரண்டு இழை வேண்டுமென்றால் இரண்டையும் ஒன்றாக உருவக் கூடாது. நுனியை லேசாகத் தட்டினால் ஆறும் விரியும். ஒரு கையில் நூலை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு இழையை மேல்நோக்கி நேராக உருவுங்கள். மீதி ஐந்தும் கீழே கசங்கிக் குவியும். பயப்பட வேண்டாம், இழை வெளியே வந்ததும் அவை தாமாக நீண்டுவிடும். அடுத்த இழையையும் அப்படியே உருவி, இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கோருங்கள். ஒட்டியே வந்த இரண்டு இழைக்கும் பிரித்துச் சேர்த்த இரண்டு இழைக்கும் என்ன வித்தியாசம் என்று அட்டையில் போட்டால்தான் தெரியும். பிரித்துச் சேர்த்தது முறுக்கில்லாமல் அகலமாகப் படுக்கும். ஓட்டையையும் நன்றாக நிரப்பும்.

கண்டில் மடங்கிக் கிடந்த நூலில் வளைவு விழுந்திருக்கும். துணியில் அது தானாகச் சரியாகிவிடும். அட்டையில் அப்படியே நெளிந்து நிற்கும். ஈர ஸ்பாஞ்சின் மேல் நூலை ஒருமுறை இழுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் அட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். அடர் சிவப்பும் கருநீலமும் சில சமயம் சாயம் விடும். வெள்ளைத் துணியை நனைத்து நூலைத் தேய்த்துப் பார்த்துவிட்டால் நிம்மதி. ஊசி கோக்கும்போது நுனியை வாயில் வைத்து எச்சில் தடவுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். காகிதத்தில் அந்த ஈரமும் கறைதான். நுனியைப் புதிதாகச் சாய்த்து வெட்டிக் கோருங்கள், அல்லது தகரப் பிடியில் மெல்லிய கம்பி வைத்த அந்தச் சின்னக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

தேன்மெழுகு தடவலாமா? தையல் நூலுக்கும் ஜரிகைக்கும் தடவலாம், உரசலைக் குறைக்கும். ஆனால் மெழுகுக் கட்டியில் ஒருமுறை இழுத்த பிறகு, வேண்டாத காகிதத்தின் நடுவில் இரண்டு முறை இழுத்து மிச்ச மெழுகை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வெள்ளை அட்டையில் ஓட்டையைச் சுற்றி எண்ணெய் வட்டம் விழும். ஆங்கருக்கு மெழுகு தேவையில்லை. இருக்கிற மினுக்கும் போய்விடும்.

எவரெஸ்டின் தம்பி மகள் போட்ட தையல்

எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டை நமக்குத் தெரியும். 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்ப்டன் ஆரம்பித்த நில அளவையில் 1818இல் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு அதற்கே தலைவரானவர். அவருடைய தம்பி மகள் மேரி எவரெஸ்ட் பூல் (1832–1916). கணிதமேதை ஜார்ஜ் பூலின் மனைவி. குழந்தைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பதிலேயே ஊறியவர். அட்டையில் ஓட்டை போட்டு, நேர்க்கோடுகளாகவே தைத்து வளைகோட்டை வரவழைக்கும் முறையைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தவர் என்று கணித ஆசிரியர்கள் இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

செய்து பாருங்கள். செங்கோணமாக இரண்டு கோடு. ஒவ்வொன்றிலும் மூலையிலிருந்து 5 மி.மீ. இடைவெளியில் பத்து ஓட்டை. இந்தக் கோட்டின் 1ஐ அந்தக் கோட்டின் 10உடன், 2ஐ 9உடன், 3ஐ 8உடன் என்று இணைத்துக்கொண்டே போங்கள். பின்பக்கத்தில் பக்கத்து ஓட்டைக்கு மட்டும் தாவினால் போதும். பத்தும் முடிந்ததும் யாருமே வரையாத ஒரு வளைவு நடுவில் தெரியும். அது பரவளையம். முன்பக்க நூல் 44 செ.மீ., பின்பக்கத் தாவல்கள் 4.5 செ.மீ.; வால்களையும் சேர்த்து 60 செ.மீ. வெட்டிக்கொண்டால் ஒரு மூலை முடிந்துவிடும். முழத்தை மீறிவிட்டோமே என்று கவலை வேண்டாம். மொத்தமே 20 ஓட்டைதான்.

எந்த நூல் என்பது இங்கே பளிச்சென்று தெரியும். ஆங்கரில் இரண்டு இழை போட்டால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பஞ்சு மேடாகி, வளைவின் விளிம்பு கலங்கிவிடும். பேர்ள் 12 அல்லது நல்ல தையல் நூல் போட்டால் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக, கீறிவிட்டது போல நிற்கும். இதழை நிரப்பப் படர்ந்த நூல், கோடு போட முறுக்கிய நூல் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜரிகையைக் குத்தாதீர்கள், படுக்க வையுங்கள்

அசல் ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. கடையில் நாம் வாங்கும் எம்ப்ராய்டரி ஜரிகையில் உள்ளே ஒரு நூலும் மேலே பளபளக்கும் பிளாஸ்டிக் நாடாவும்தான் இருக்கும். ஓட்டை விளிம்பில் பட்டதும் மேல்நாடா உரிந்து, உள்நூல் வெளுப்பாகத் தெரியும்.

இதற்கு ஆரிக்காரர்களும் ஜர்தோசிக்காரர்களும் வைத்திருக்கும் வழிதான் சரி. ஜரிகையை அட்டையின் மேல் டிசைன் கோட்டில் படுக்க வைத்து, அதே நிறத்தில் மெல்லிய தையல் நூலால் 5 மி.மீ.க்கு ஒரு இடத்தில் குறுக்கே கட்டிக்கொண்டே போங்கள். ஜரிகையின் இரு நுனி மட்டும் சற்றுப் பெரிய ஓட்டை வழியாகப் பின்பக்கம் போகட்டும். உரசலே கிடையாது, உரியவும் உரியாது. ஜரிகை செலவும் பாதிதான்.

நிறமும் முதுகுப்பக்கமும்

கண்டில் பார்க்கும் நிறம் அட்டையில் கிடைக்காது. ஒற்றைக் கோடாகப் போட்டால் ஒரு படி வெளிறித் தெரியும். கடைக்குப் போகும்போது அட்டையின் ஒரு துண்டைக் கையோடு எடுத்துப்போய், ஒரு இழையை மட்டும் அதன் மேல் நீட்டிப் பாருங்கள். டியூப்லைட்டில் ஒருமுறை, கடை வாசலுக்கு வந்து ஒருமுறை. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பின்பக்கம் முடிச்சுப் போட்டால் அட்டை மேஜையில் ஆடும், முன்பக்கம் புடைக்கும். வாலை 2 செ.மீ. விட்டு டேப்பால் ஒட்டிவிடுங்கள். சாதாரண செல்லோ டேப் நாளடைவில் மஞ்சளாகி, பசை நூல் வழியாக முன்பக்கம் கசியும். மங்கலாக, மேலே எழுத வரும் வகை டேப் நல்லது. வேலை முடிந்ததும் பின்னால் இன்னொரு அட்டையை இருபக்க டேப்பால் ஒட்டி மூடுங்கள். ஃபெவிகால் தடவினால் ஈரம் ஏறி அட்டை நெளியும், சாயம் விடும் நூலுக்கும் ஆபத்து.

மிச்ச நூலைக் காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பருத்தியும் பிடிக்கும், காகிதமும் பிடிக்கும். நம் பெட்டியில் இரண்டும் ஒன்றாக இருக்கிறது.

முதல் முறை வாங்குகிறவர்களுக்கு

இருபது நிறம் அடுக்கிய டப்பா மலிவாகக் கிடைக்கும், ஆசையாகவும் இருக்கும். அதை விட்டுவிடுங்கள். பிடித்த ஒரே நிறத்தை எடுத்துக்கொண்டு ஆங்கரில் ஒரு கண்டு, பேர்ள் காட்டனில் ஒரு உருண்டை, சில்க் த்ரெட்டில் ஒரு ரீல், தையல் நூலில் ஒன்று வாங்குங்கள். வீட்டில் இருக்கும் அட்டைத் துண்டில் ஒரே மாதிரி நாலு வரிசை ஓட்டை குத்தி, வரிசைக்கு ஒரு நூலாகத் தையுங்கள். எந்த நூல், எத்தனை இழை, எந்த எண் ஊசி என்று பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த அட்டையை மேசையில் வைத்து, “இந்த மூணாவது வரிசை மாதிரி வேணும்ணா” என்று கேளுங்கள். பரப்பிப் போட்டுத் தேடும் வேலை அவருக்கும் மிச்சம்.